அழுத்தக் கங்காணி

நாம் சொல்வதைக் கேட்கிறவர்கள் உண்டு. கேட்காதவர்கள் உண்டு. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஓர் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். இவர்கள் நாம் என்ன சொன்னோம் என்று கேட்பதே இல்லை. எந்தச் சொல்லில் அழுத்திச் சொன்னோம் என்பதை மட்டும் கேட்பார்கள். "மழை வரும்போல இருக்கு" என்று நீங்கள் சொன்னால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். இவர் உங்கள் முகத்தைத் தேடுவார். "'மழை'யில அழுத்துனீங்களா, 'வரும்'ல அழுத்துனீங்களா?" என்பார். நீங்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் இரண்டு பேரும் நனைந்திருப்பீர்கள்.

ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்துக் கங்காணி விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு நிறுத்தி, யார் வந்தார், யார் வரவில்லை என்று பேர் கூப்பிட்டுப் பார்ப்பாராம். இவர் நம் வாக்கியத்தைப் பெரட்டுக்கு நிறுத்துகிறவர். எந்தச் சொல் நிமிர்ந்து நின்றது, எது சோம்பலாகக் குனிந்தது, எது லீவு போட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே இவருக்கு அழுத்தக் கங்காணி என்று பெயர் வைக்கிறேன். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பாசிர் கூடாங்கில் இருக்கிறார். பெயர் சதாசிவம். தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

சதாசிவம் செடெனாக் பக்கம் பிறந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிதான் என்பதால் அதில் ஆறு வருடம் படித்தவர். ஒரு தமிழருக்குச் சீனம் தெரிந்துவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கார் பட்டறைக்கு வா, வீட்டுக்காரச் சீன முதலாளி தவுக்கேயிடம் பேச வா, கோயில் திருவிழாவுக்குக் கூடாரம் வாடகைக்கு எடுக்க வா என்று ஆளாளுக்கு இழுப்பார்கள். சதாசிவமும் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தார். அவர்கள் சொன்னதைத் தமிழில் சொல்வார், நாம் சொன்னதைச் சீனத்தில் சொல்வார், பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். அதுவரை நல்ல மனிதர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கைப்பேசியில் ஆறு வார வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். சீனத்தில் குரல் எப்படி வேலை செய்கிறது என்பது பாடம். சொல்லிக் கொடுத்தவர் வடக்கே பெய்ஜிங் பக்கத்து அம்மையார். அவர் சொன்னதை நம் தமிழோடு ஒப்பிட்டால் இவ்வளவுதான்: நமக்கு ஒன்றை முக்கியப்படுத்த வேண்டும் என்றால் 'தான்' இருக்கிறது, 'ஏ' இருக்கிறது, ஒட்டிவிட்டுப் போய்விடலாம். சீனத்திலும் அப்படிச் சில சொற்கள் உண்டு. நம்முடைய 'கூட' மாதிரி ஒன்று வந்தால், அடுத்து வரும் சொல்லுக்கு மாலை மரியாதை. ஆனால் அப்படி எதுவும் இல்லாமல், ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல், குரலாலேயே முக்கியப்படுத்திவிடலாம். எது முக்கியமோ அந்தச் சொல்லை இழுத்து, ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கிச் சொல்வார்கள். அதற்குப் பின்னால் வருகிற சொற்கள் எல்லாம் சுருங்கித் தட்டையாகிவிடும்.

சதாசிவம் இதைக் கேட்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்குக் காது திறந்துவிட்டது. "முக்கியமான சொல்லு எழுந்து நிக்கும். பின்னாடி வர்றதெல்லாம் பாய விரிச்சுப் படுத்துக்கும். அவ்வளவுதான் லா சீனம்!" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். சொல்லும்போது ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு மேடு வரைந்து, உடனே ஒரு சமவெளியும் வரைவார். சான்றிதழை லேமினேட் செய்து ஹாலில் சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். மனைவி தனலெட்சுமி சாமிக்குக் காட்டுகிற கற்பூரம் அதற்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

ஐந்தாவது வாரப் பாடத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அந்த வாரம் தொழிற்சாலையில் ஓவர்டைம். அந்தப் பாடத்தில்தான் அந்த அம்மையார், இந்தப் படுத்துக்கொள்ளும் வழக்கம் எல்லாச் சீனர்களிடமும் கிடையாது, தெற்கே ஹொக்கியன் என்கிற வட்டாரச் சீனம் பேசி வளர்ந்தவர்கள் பலர் பின்னால் வரும் சொற்களைத் தட்டையாக்குவதே இல்லை என்று பொறுமையாக விளக்கியிருந்தார். ஜொகூரில் நம்மைச் சுற்றி இருக்கிற சீனர்களில் ஹொக்கியன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சதாசிவத்துக்கும் தெரியும். ஆனால் பாடம் தெரியாது. ஆகவே ஒருவர் பேசி முடித்து ஒரு சொல்லும் படுக்கவில்லை என்றால், அவர் எதையோ மறைக்கிறார் என்று சதாசிவமே சொந்தமாக ஒரு விதியைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மொழிபெயர்க்கவில்லை. வெறும் வார்த்தையை மொழிபெயர்ப்பது அவருக்குக் கூலி வேலையாகத் தெரிந்தது. மேனேஜர் வந்து, "நாளைக்கு ரெண்டாம் நம்பர் மெஷினைக் கழுவுங்கள்" என்று சீனத்தில் சொல்லிவிட்டுப் போவார். ஆட்கள் சதாசிவத்தைப் பார்ப்பார்கள். "'நாளைக்கு'ல அழுத்திட்டுப் போறாரு. அப்படின்னா இன்னைக்கு இந்தப் பக்கம் வர மாட்டாரு" என்பார் சதாசிவம். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். மறுநாள் எதைக் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் தமிழுக்கும் இதே கதிதான். "மீன் வாங்கிட்டு வாங்க" என்று தனலெட்சுமி எழுதி அனுப்பினால், "எழுத்து வேணாம், வாய்ஸ் அனுப்பு" என்று பதில் வரும். வாய்ஸ் போகும். அதைச் சந்தையில் நின்று நான்கு முறை கேட்டுவிட்டு, "'வாங்க'வுல அழுத்தியிருக்கா, நாம வந்தா போதும்னு நினைக்கிறா" என்று உருகிப்போய் வெறுங்கையோடு வருவார். அன்று இரவு முட்டை.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தார்கள்.

சதாசிவத்தின் அண்ணன் ஐயாசாமிக்கு ஒரே மகள், கஸ்தூரி. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிற பெண். அதே பஸ்ஸில் போய் வருகிற வெய் லுன் என்ற பையனை நான்கு வருடமாக விரும்புகிறாள். ஐயாசாமி இரண்டு வருடம் முறைத்தார், ஒரு வருடம் பேசாமல் இருந்தார், நான்காவது வருடம் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: "பையனோட அம்மா நம்ம வீட்டுக்கு வந்து, அவங்க வாயால, பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லணும். சொன்னா அப்பவே தட்டைக் கையில கொடுக்கறேன். இழுத்தாங்கன்னா இத்தோட விட்டுறணும், கஸ்தூரி. அப்புறம் அழக்கூடாது." கஸ்தூரி சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு தாமான் குடியிருப்பில் ஐயாசாமியின் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. வெய் லுன் இறங்கினான். அவன் அம்மா கோ அம்மாள் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு இறங்கினார். குட்டையான, உருண்டையான, சிரித்த முகம். உள்ளே வெற்றிலை, பாக்கு, பழம், பூ, பட்டுத்துணி எல்லாம் வைத்த தாம்பாளத் தட்டோடு ஐயாசாமி தயாராக இருந்தார். அண்ணி பிரேமலாவும், சதாசிவத்தோடு வந்திருந்த தனலெட்சுமியும் தயாராக இருந்தார்கள். சதாசிவம் எல்லாரையும்விடத் தயாராக இருந்தார். கோ அம்மாளின் நாற்காலிக்கு ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை வைத்து ஒலிப்பதிவைத் தட்டிவிட்டிருந்தார்.

"அங்கிள், என் அம்மா நல்லா மலாய் பேசுவாங்க. அப்புறம் இன்னொன்னு, என் அம்மாவுக்கு…" என்று வெய் லுன் மலாயில் ஆரம்பித்தான்.

சதாசிவம் கையைக் காட்டி நிறுத்தினார். "மலாய்ல மீன் விலை பேசலாம் தம்பி. கல்யாணம் பேச முடியாது. நீங்க பேசாதீங்க, உங்க குரலும் பதிவுல கலந்துடும்." வெய் லுன் கஸ்தூரியைப் பார்த்தான். கஸ்தூரி சுவரைப் பார்த்தாள்.

கோ அம்மாள் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று சீனத்தில் சொன்னார். ஐயாசாமி தம்பியைப் பார்த்தார். சதாசிவம் கண்ணை மூடி, விரலால் காற்றில் மேடு வரைந்து, கண்ணைத் திறந்தார்.

"'வீடு'ன்னு சொல்றப்ப குரல் எழுந்துச்சு அண்ணே. வீட்டைத் தனியாப் பிரிக்கறாங்க. ஆளுங்களப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல."

பிரேமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. கோ அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, இந்தத் தேத்தண்ணி ரொம்ப ருசி என்றார்.

"'இந்த'!" என்றார் சதாசிவம், நாற்காலியின் விளிம்புக்கு வந்து. "'இந்த'ல அழுத்தம், அண்ணே. இந்தத் தேத்தண்ணின்னா, அப்ப அந்தத் தேத்தண்ணின்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு முன்னாடி வேற எங்கேயோ பொண்ணு பார்க்கப் போயி, மோசமான தேத்தண்ணி குடிச்சிருக்காங்க."

கஸ்தூரி மெதுவாகத் தலையைத் திருப்பி வெய் லுன்னைப் பார்த்தாள். "எங்க போனீங்க?" என்று மலாயில் கேட்டாள். "எங்கயும் போகலயே!" என்றான் அவன். கோ அம்மாளுக்குப் புரை ஏறியது. கோப்பையை வைத்துவிட்டு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க இருமினார்.

அது இருமல் இல்லை. ஒரு ரகசியத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், சதாசிவத்திடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கோ அம்மாள் பிறந்தது லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவர் அவருடைய அப்பா. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி, கடைக்கு வருகிற பெண்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர். வெய் லுன் முதலில் சொல்ல வந்ததும் அதைத்தான். சதாசிவம் வாய் திறந்த நிமிடத்திலிருந்து கோ அம்மாளுக்கு ஒரு சொல் விடாமல் எல்லாம் புரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல வேடிக்கை அவருக்குப் பல வருடமாகக் கிடைத்ததில்லை. தவிர, வீட்டு மனிதர் இத்தனை ஆசையாக மொழிபெயர்க்கும்போது நடுவில் புகுந்து அவரை அவமானப்படுத்துவது மரியாதையா?

ஆகவே அவர் சீனத்திலேயே தொடர்ந்தார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். எனக்கு உங்கள் மகளைப் பிடித்திருக்கிறது. சீனத்தில் இது நாலைந்து சொல்தான். நிதானமாக, ஒரே சீராக, தெளிவாகச் சொன்னார். ஹொக்கியன் வீட்டுப் பிள்ளை எப்படிச் சொல்லுமோ அப்படி.

சதாசிவத்தின் விரல் காற்றில் எழும்பி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"என்னடா?" என்றார் ஐயாசாமி.

"ஒரு சொல்லும் படுக்கல, அண்ணே."

"அப்படின்னா?"

"மறைக்கிறாங்க."

ஐயாசாமி மடியில் இருந்த தட்டை இறுக்கிப் பிடித்தார். சதாசிவம் கோ அம்மாளிடம் இன்னொரு முறை சொல்லும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஒரே வாக்கியத்தை ஒருவரை இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் அதே மாதிரி வருமா? நீங்களே வீட்டில் சொல்லிப் பாருங்கள். கோ அம்மாள், என்னைத்தானே கேட்கிறீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது என்ற தொனியில், முதல் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

"'எனக்கு'! அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. அப்ப அவங்க வீட்டுக்காரர் கோ அங்கிளுக்கு? அவர் ஏன் இன்னைக்கு வரல?"

கோ அங்கிளுக்கு முழங்கால் வலி. காரில் காலை நீட்டி உட்கார முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இதைச் சொல்ல வெய் லுன் வாயைத் திறந்தான். சதாசிவத்தின் கை மறுபடியும் எழுந்தது. மூன்றாம் முறை சொல்லச் சொன்னார். கோ அம்மாள் இந்த முறை கஸ்தூரியைப் பார்த்து, பாசமாக, 'மகளை' என்ற சொல்லில் நின்று சொன்னார். அவள் கண் கலங்கியிருந்ததை அவர் கவனித்திருந்தார்.

சதாசிவம் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் வாடிவிட்டது. கஸ்தூரியைத் தோளில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனவர் அவர். அவளுக்கு ஒரு குறை வந்தால் முதலில் துடிக்கிறவர் அவர்தான். ஆனால் காதில் விழுந்ததை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. "அண்ணே, சொல்லாம இருக்க முடியல. 'மகள்'ல அழுத்திட்டாங்க. பொண்ணு மட்டும் போதுமாம். நம்ம குடும்பம் வேணாமாம்."

ஐயாசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று வருடமாக உள்ளே அடக்கி வைத்திருந்த ரோஷம் எல்லாம் ஒன்றாக ஏறியது. "பிரேமா, தட்டை உள்ள கொண்டு போ" என்றார்.

"அப்பா!" என்றாள் கஸ்தூரி. அழக்கூடாது என்று ஒத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அழுகை வந்துவிட்டது. சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, எங்க அழுத்துனாங்கன்னு ஒரு மணி நேரமா சொல்லிட்டிருக்கீங்க. என்ன சொன்னாங்கன்னு ஒரு தடவ சொல்லுங்களேன். வார்த்தைய மட்டும்."

"வார்த்தையில என்னம்மா இருக்கு? வார்த்தைய யார் வேணா சொல்லலாம்."

அப்போதுதான் தனலெட்சுமிக்கு உறைத்தது. "ஏங்க, வந்ததுலருந்து நீங்க ஒரு வாக்கியம்கூட எங்களுக்கு முழுசாச் சொல்லலையே!" என்றார். உண்மை. அந்தக் காலையில் கோ அம்மாள் சொன்னது எதையும் சதாசிவம் மொழிபெயர்க்கவே இல்லை. பிரேமலாவும் ஐயாசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஐயாசாமிக்கு ரோஷம் ஏறினால் சுலபத்தில் இறங்காது. அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, தட்ட எங்க தூக்கிட்டுப் போறீங்க? அது எனக்குத்தான கொண்டு வந்தீங்க?"

தமிழ். நல்ல தோட்டத்துத் தமிழ். எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கோ அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா லாபிஸ்ல தோட்டத்துல கடை வெச்சிருந்தாரு லா. தமிழ் பேசலைன்னா அங்க யாரு நம்ம கடைக்கு வருவா? என் மகன் மொதல்லயே சொல்ல வந்தான், நீங்க விடல. சரி, இந்தத் தம்பி ரொம்ப சந்தோஷமாப் பேசிட்டு இருக்காரே, கெடுக்க வேணாம்னு இருந்தேன். இப்ப பொண்ணு அழுவுது. இனிமே சும்மா இருக்க முடியாது. இப்ப எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு உங்க பொண்ணப் பிடிச்சிருக்கு."

அலமாக்! சொந்த வாயால், நம் மொழியிலேயே, ஐயாசாமி கேட்டபடியே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? தட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியதுதானே? ஐயாசாமி தட்டோடு ஓர் அடி முன்னால் வைத்தார். நின்றார். மெதுவாகத் தம்பியின் பக்கம் சாய்ந்தார்.

"சதா," என்றார் கிசுகிசுப்பாக, "எங்கடா அழுத்துனாங்க?"

"'உங்க'வுலன்னு எனக்குக் கேட்டுச்சு" என்றார் பிரேமலா.

"இல்லக்கா, 'எனக்கு'வுல" என்றார் தனலெட்சுமி. இரண்டு வருடம் மீன் கிடைக்காமல் கஷ்டப்பட்ட அதே தனலெட்சுமி.

"இருங்க, இருங்க, பதிவு இருக்கு" என்று சதாசிவம் கைப்பேசியை எடுத்து, தேய்த்து, பின்னால் ஓட்டினார். நான்கு தலைகள் அதன் மேல் குனிந்தன. 'பிடிச்சிருக்கு'வில்தான் என்று ஐயாசாமி இப்போது அடித்துச் சொன்னார். அதில் அழுத்தினால் நல்லதா கெட்டதா என்று அடுத்த விவாதம் தொடங்கியது.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். அவர் கவனிக்கவில்லை. மணப்பெண்ணே தட்டைக் கொடுக்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது, அவள் கொடுத்தாள். கோ அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெய் லுன் ஆரஞ்சுப் பெட்டியை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் சோபாவின் மேல் வைத்தான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவருக்கு அது தெரிய மேலும் இருபது நிமிடம் ஆனது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சதாசிவம் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். காகிதத்தில் குரல் கிடையாது. அந்த அம்மாள் தமிழில் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் வெறும் எழுத்தில்தான் எழுதினேன். ஒரு சொல்லையும் தடிப்பாக்கவில்லை, கோடு போடவில்லை. பிறகு ஏன் நீங்கள் மேலே திரும்பிப் போய் அதை இன்னொரு முறை படித்தீர்கள்? எந்தச் சொல்லில் அழுத்திப் படித்தீர்கள்?

போகட்டும், வெளியில் சொல்ல மாட்டேன். உள்ளே யாரோ உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். யோசிக்காமல் எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.